பதில் சொல்லும், கூட வராது

மைசூர்ல இருந்து பேசறேன். இங்கே வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைங்க, தலைமுறையா இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள், ஊர்ல இருந்து கேக்கறவங்க, எல்லாருக்கும் இது.

பக்கத்துல படுத்திருக்கிறவங்களை எழுப்பிக் கேக்க முடியாத கேள்விகள் சிலது உண்டு. "நேத்து ஆணுறை கிழிஞ்சிடுச்சு, ஏதாவது ஆகுமா?" "நாள் தள்ளிப்போச்சு, என்ன பண்றது?" "அந்த இடத்துல ஒரு புண்ணு, ஆனா வலிக்கவே இல்லை, விட்டுடலாமா?" இந்தக் கேள்வியெல்லாம் இப்ப போன்ல இருக்கிற ஏஐ சாட்பாட்கிட்ட போகுது. இளவட்டம் மட்டும்னு நினைக்காதீங்க, அம்பது வயசுக்காரரும் கேக்கறார். கேக்கட்டும், நான் தடுக்க வரலை. எந்தக் கேள்விக்கு அதை நம்பலாம், எந்தக் கேள்விக்கு அதை மூடி வெச்சுட்டு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பணும், அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன். வீட்ல பசங்க பக்கத்துல இருந்தா ரேடியோவை அணைக்க வேண்டாம், அவங்களும் கேக்கலாம்.

சாட்பாட் வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சுன்னு சில பெரியவங்க சொல்றாங்க. கெடறதுக்கு முன்னாடி நம்மகிட்ட என்ன இருந்துச்சு? 2007 வாக்குல பள்ளிக்கூடத்துல வளரிளம் பருவக் கல்வியைக் கொண்டுவரப் பாத்தப்போ பல மாநிலங்கள் வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. கர்நாடகாவும் அதுல ஒண்ணு. உயிரியல் புத்தகத்துல இனப்பெருக்கப் பாடம் வந்தா, "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு பக்கத்தைத் தள்ளிவிடற வகுப்பறையிலதான் நாம எல்லாரும் உக்காந்திருந்தோம். தமிழ்ல விஜய் டிவியில மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா'ன்னு ஒரு நிகழ்ச்சி பண்ணினார். மும்பையில மஹிந்தர் வாத்சான்னு ஒரு டாக்டர் தொண்ணூறு வயசு தாண்டியும் பேப்பர்ல வாசகர் கேள்விக்குப் பதில் எழுதிக்கிட்டே இருந்தார், 2020 கடைசியிலதான் காலமானார். இப்படிப்பட்டவங்களை விரல்விட்டு எண்ணிடலாம்.

மத்தபடி யார் இருந்தாங்க? மாசத்துக்கு ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுல ரூம் போட்டு, "நரம்புத் தளர்ச்சியா? சொப்பன ஸ்கலிதமா? தயங்காமல் வாருங்கள்"னு நோட்டீஸ் ஒட்டற வைத்தியருங்க இருந்தாங்க. இந்த மாதிரி விளம்பரம் கூடாதுன்னு 1954-லேயே மத்திய சட்டம் வந்தாச்சு. நோட்டீஸ் மட்டும் பாத்ரூம் சுவர்ல இருந்து இன்னும் இறங்கலை.

இந்த ஒரு விஷயத்துல சாட்பாட்டுக்கு நான் முழு மார்க் போடுவேன். கைப்பழக்கத்தால நரம்பு தளருமா, தூக்கத்துல விந்து வெளியேறினா உடம்பு உருகிடுமா, முதல் ராத்திரியில ரத்தம் வரலைன்னா அந்தப் பொண்ணு தப்பானவளா, இதையெல்லாம் கேட்டா 'இல்லை'ன்னு தெளிவா சொல்லுது. காரணத்தோட சொல்லுது, முகம் சுளிக்காம சொல்லுது, லேகியம் விக்காம சொல்லுது. விந்து போனா சக்தி போயிடும்ங்கிற பயம் நம்ம நாட்டுல எவ்வளவு பழசுன்னா, மனநல மருத்துவத்துல அதுக்கு 'தாத் சிண்ட்ரோம்'னு தனிப்பேரே இருக்கு. 1960-ல டாக்டர் விக் வெச்ச பேர். அந்தப் பயத்தோட லாட்ஜ் படி ஏற இருந்த ஒரு பையனை சாட்பாட் பாதிப் படியில நிறுத்துச்சுன்னா அது புண்ணியம்தான்.

நம்ம நாட்டுலயே இதுக்குன்னு செஞ்ச பாட்களும் இருக்கு. டெல்லியில பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா 2019-ல 'ஸ்நேஹ்ஏஐ'ன்னு ஒண்ணை ஃபேஸ்புக் மெசஞ்சர்ல விட்டாங்க. ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசும். ஆராய்ச்சிக்காகப் பாத்த அஞ்சே மாசத்துல ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் பேருக்கு மேல அதோட பேசியிருக்காங்க, 80 லட்சத்துக்கும் மேல மெசேஜ் ஓடியிருக்கு. மும்பையில மைனா மஹிலா அறக்கட்டளை குடிசைப்பகுதிப் பெண்களுக்காக 'மைனா போலோ'ன்னு ஒரு பாட் செஞ்சிருக்காங்க. உலக சுகாதார நிறுவனமும் 2024-ல பாலியல் ஆரோக்கியத்துல ஏஐ பத்தி ஒரு அறிக்கை போட்டு, நல்லதையும் ஆபத்தையும் சேத்தே சொல்லியிருக்கு. ஆக இது ஏதோ நாலு பசங்க ஒளிஞ்சு பண்ற வேலை இல்லை. பெரிய பெரிய அமைப்புங்க இறங்கியிருக்கிற களம்.

ஆனா மைசூர்ல உக்காந்து இதைப் பேசும்போது வேற ஒரு கதையைச் சொல்லாம இருக்க முடியாது. அதுல ஏஐ கிடையாது, ஸ்மார்ட்போனும் கிடையாது.

2004-ல இந்த ஊர்ல பாலியல் தொழில் பண்ற பெண்கள் மத்தியில ஒரு எச்ஐவி தடுப்புத் திட்டம் ஆரம்பிச்சது. கேட்ஸ் அறக்கட்டளையோட 'அவஹான்' திட்டத்துக் காசு, கூட நின்னது கனடாவுல இருக்கிற மானிடோபா பல்கலைக்கழகம். அதுல இருந்து வளந்ததுதான் 'அசோதயா சமிதி'. பாலியல் தொழிலாளிங்களே நடத்தற அமைப்பு. ஆரம்பத்துல ஒரு கணக்கெடுப்பு, 2006-ல இன்னொண்ணு. எப்போதாவது வர்ற வாடிக்கையாளரோட கடைசியா இருந்தப்போ ஆணுறை போட்டோம்னு சொன்னவங்க 65 சதவீதத்துல இருந்து 90 சதவீதம் ஆனாங்க. சிபிலிஸ் 25 சதவீதத்துல இருந்து 12 ஆச்சு. எச்ஐவி மட்டும் 26-ல இருந்து 24, கிட்டத்தட்ட அப்படியே. அது தோல்வி இல்லை. ஏற்கனவே தொற்று இருக்கிறவங்க உயிரோட இருக்காங்க, அதனால அந்த எண் சட்டுனு இறங்காது. அப்புறம் சில வருஷம் கழிச்சு, எச்ஐவி வராம தடுக்கிற தினசரி மாத்திரையை, 'பிரெப்'னு சொல்வாங்க, இந்தியாவுல முதல்ல சோதிச்சுப் பாத்த இடங்கள் ரெண்டு. கொல்கத்தா சோனாகாச்சி ஒண்ணு, மைசூர் அசோதயா ஒண்ணு. இங்கே மட்டும் 600 பேருக்கு மேல சேந்தாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே கடைசிவரைக்கும் நின்னாங்க. பிரெப் திட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போறது உலகம் முழுக்க இருக்கிற தலைவலி. இங்கே அது நடக்கலை.

எப்படி முடிஞ்சது? ஆணுறை போடணும்னு தகவல் தெரிஞ்சதாலயா? அந்தத் தகவல் 2004-க்கு முன்னாடியே ஊர்ச் சுவர் பூரா எழுதியிருந்துச்சே. வித்தியாசம் என்னன்னா, தகவலைச் சொன்னவ அதே தெருவுல நிக்கிற இன்னொருத்தி. சொல்லிட்டுப் போகலை, கிளினிக்குக்குக் கூட வந்தா. மறுவாரம் "போனியா?"ன்னு கேட்டா. போலீஸ் பிடிச்சா ஸ்டேஷனுக்கும் வந்தா.

சாட்பாட்டை நான் எடை போடறது இந்தத் தராசுலதான். அது நல்லா சொல்லும், கூட வராது. அதனால அது சொன்ன பதில் உங்களை ஏதாவது ஒரு கதவுவரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சா, இல்லை படுக்கையிலேயே படுக்க வெச்சுடுச்சா, அதைப் பாருங்க.

கிழிஞ்ச ஆணுறையை எடுத்துக்குவோம். ஒரு தம்பி. பயிற்சிக்கு மைசூர் வந்தவர்னு வெச்சுக்கோங்க. சனிக்கிழமை ராத்திரி நடந்தது, ஞாயித்துக்கிழமை பூரா சாட்பாட்டோட பேசறார். "எச்ஐவி வர எவ்வளவு வாய்ப்பு?" அது ஒரு எண் சொல்லுது. பெண்ணுறுப்பு வழி உறவுல, தொற்று இருக்கிற ஒருத்தரோட ஒருமுறை இருந்தா, ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழேன்னு. எண் சரிதான். அதைப் பாத்துட்டு தம்பி தூங்கிடறார். அங்கேதான் சிக்கல். அது சராசரிக் கணக்கு. எதிர்ல இருந்தவங்களுக்குப் புதுசா தொற்று வந்திருந்தா, யாருக்காவது புண்ணு இருந்தா, அந்த எண் ஏறும். ஆசனவாய் வழி உறவுல உள்ளே வாங்கறவருக்கு அது பத்து மடங்குக்கும் மேல. இன்னொரு பக்கம், எதிர்ல இருந்தவர் எச்ஐவி மருந்தை ஒழுங்கா எடுத்து, ரத்தத்துல கிருமியே தெரியாத அளவுக்கு வந்திருந்தா, உடலுறவு மூலமா பரவவே பரவாது. இத்தனையும் தெரியாம ஒரு எண்ணை வெச்சு என்ன பண்ண?

தம்பிக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது வாய்ப்புக் கணக்கு இல்லை, கடிகாரம். தொற்றுக்கு வாய்ப்பு இருந்த சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள்ள 'பெப்'ங்கிற மருந்தை ஆரம்பிச்சா எச்ஐவியைத் தடுக்க முடியும். 28 நாள் விடாம சாப்பிடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 தாண்டினா பிரயோஜனம் இல்லை. மைசூர்னா கே.ஆர். ஆஸ்பத்திரி, மத்த ஊர்ல மாவட்ட அரசு ஆஸ்பத்திரி. ராத்திரின்னா அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்க. மருந்து தேவையா இல்லையான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். சாட்பாட்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும்னா முதல் வரியிலேயே மணி நேரத்தைச் சொல்லுங்க. "இருபது மணி நேரத்துக்கு முன்னாடி இது நடந்தது, நான் மைசூர்ல இருக்கேன், இப்ப என்ன பண்ணணும்?" அப்படிக் கேட்டா பெரும்பாலும் பெப் பத்தி அதுவே சொல்லிடும். "பயமா இருக்கு, ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டா, உங்க பயத்துக்கு ஆறுதல் சொல்லும். ஆறுதல் கேட்டவருக்கு ஆறுதல்தான் கிடைக்கும்.

இதோட மறுபக்கம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் அவ்வளவா பேசறதில்லை. சிலருக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, மூணு மாசம் கழிச்சு மறுபடியும் எடுத்தாச்சு, ரெண்டும் நெகட்டிவ். ஆனாலும் தினம் ராத்திரி சாட்பாட்கிட்ட அதே கேள்வி. "ஒருவேளை டெஸ்ட் தப்பா இருந்தா?" "தொண்டை கரகரன்னு இருக்கே, அது அறிகுறியா?" ஆலோசகர்னா மூணாவது தடவையிலயே புரிஞ்சுக்குவார், இது எச்ஐவி பிரச்சனை இல்லை, பதற்றப் பிரச்சனைன்னு. "இதைப் பத்திப் போதும் தம்பி, தூக்கம் எப்படி இருக்கு சொல்லு"ன்னு பேச்சை மாத்துவார். சாட்பாட் அலுத்துக்காது. நூறாவது தடவையும் அதே பொறுமையா, அதே இனிமையா பதில் சொல்லும், நீங்களும் நூத்தியொண்ணாவது தடவை கேப்பீங்க. அதோட பொறுமை இங்கே மருந்து இல்லை, நோய்க்குத் தீனி. ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேக்கறோம்னு உங்களுக்கே தெரிஞ்சா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி-மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம்.

வலிக்காத புண்ணு பத்திச் சொன்னேன் இல்லையா? வலிக்கலைன்னா நல்லதுன்னுதான் எல்லாருக்கும் தோணும். சிபிலிஸ் அப்படித்தான் ஆரம்பிக்கும். வலி இல்லாத ஒரே ஒரு புண்ணு, சில வாரத்துல தானா ஆறிடும். நோய் ஆறாது, உள்ளே போய் உக்காந்துக்கும், வருஷக்கணக்கு கழிச்சு மூளையையோ இதயத்தையோ பிடிக்கும். கர்ப்பமா இருந்தா குழந்தைக்கும் போகும். ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், ஆரம்பத்துலன்னா பென்சிலின் ஊசியில குணமாயிடும். எவ்வளவு பழைய நோய், எவ்வளவு மலிவான மருந்து! இதுக்குப்போய் போட்டோ எடுத்து சாட்பாட்டுக்கு அனுப்பி, "இது என்ன?"ன்னு கேக்கறாங்க. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. புண்ணைப் படத்துல பாத்து முடிவு பண்ண டாக்டரே தயங்குவார். தவிர அந்தப் படம் எந்தக் கம்ப்யூட்டர்ல போய் உக்காருதோ!

எரிச்சல், சீழ் வடியறது, வெள்ளைப்படறது, இதுக்கெல்லாம் அரசு கிளினிக்ல நிறம் நிறமா மருந்துப் பெட்டி வெச்சிருக்காங்க. சாம்பல், பச்சை, வெள்ளைன்னு, அறிகுறிக்குத் தகுந்த பெட்டி. இலவசம். சாட்பாட் சொன்ன ஆன்டிபயாடிக் பேரை மெடிக்கல் ஷாப்புல காட்டி ரெண்டு நாளைக்கு வாங்கிச் சாப்பிட்டா, கிருமி சாகாது, பழகிக்கும். கொனோரியா ஏற்கனவே பல மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. அப்புறம் துணைக்கும் சேத்து வைத்தியம் பண்ணணும். புருஷனுக்கு மட்டும் மருந்து, மனைவிக்கு இல்லைன்னா, போன மாசம் போன நோய் இந்த மாசம் திரும்ப வரும்.

நாள் தள்ளிப்போன விஷயத்துக்கு வர்றேன். இதுல சாட்பாட் எனக்குக் கவலை தர்ற இடம் மருத்துவம்கூட இல்லை, சட்டம். அது படிச்சதுல பெரும்பங்கு அமெரிக்கா, இங்கிலாந்துச் சமாச்சாரம். கருக்கலைப்புன்னு கேட்டா சில நேரம் அமெரிக்க மாநிலச் சட்டம் பேசும். பதினாறு வயசு ஆனா சம்மதம் செல்லும்னு சொல்லும். இங்கே பதினெட்டு. அதுக்குக் கீழேன்னா, குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற போக்சோ சட்டம் வரும். அதனால கேள்வியில "இந்தியச் சட்டப்படி"ன்னு எழுதாம இந்த விஷயத்தைக் கேக்கவே கேக்காதீங்க.

நம்ம சட்டம் என்ன சொல்லுதுன்னு நானே சொல்லிடறேன். பதினெட்டு வயசு ஆன பெண்ணுக்குக் கருக்கலைப்புக்கு அவளோட சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம், அப்பா கையெழுத்து வேண்டாம். 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம்வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்து போதும், சில பிரிவுப் பெண்களுக்கு ரெண்டு டாக்டர் சம்மதிச்சா 24 வாரம்வரைக்கும். அந்தப் பிரிவுல கல்யாணம் ஆகாத பெண்ணும் வருவான்னு 2022 செப்டம்பர் 29-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு. பதினெட்டுக்குக் கீழே இருக்கிற பொண்ணும் அவளோட காப்பாளரும் கேட்டுக்கிட்டா, போலீசுக்குக் கொடுக்கிற தகவல்ல அவ பேரைச் சொல்ல வேண்டியதில்லைன்னும் அதே தீர்ப்புல இருக்கு. இத்தனை இருந்தும் ஆன்லைன்ல மாத்திரை வாங்கி ஹாஸ்டல் ரூம்ல சாப்பிடறாங்க. கரு கர்ப்பப்பைக்குள்ள இருக்கா, குழாயில மாட்டியிருக்கான்னு ஸ்கேன் இல்லாம சாட்பாட்டுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குழாயில இருந்து அது வெடிச்சா உயிருக்கே ஆபத்து. மைசூர்ல செலுவாம்பா ஆஸ்பத்திரி பெண்களுக்காகவே இருக்கு, அரசு ஆஸ்பத்திரி.

அவசரக் கருத்தடை மாத்திரை வேற, கருக்கலைப்பு மாத்திரை வேற. முதலாவது, உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள, கரு உண்டாகறதுக்கு முன்னாடி தடுக்க. ஆஷா பணியாளர்கிட்டயே கிடைக்கும். தமிழ்நாட்டுல சில மெடிக்கல் ஷாப்புல கேட்டா ஏதோ கஞ்சா கேட்ட மாதிரி பாப்பாங்க, நீங்க அடுத்த கடைக்குப் போங்க. அஞ்சு நாளுக்குள்ளன்னா காப்பர்-டி போட்டுக்கிற வழியும் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

கொஞ்சம் வயசான ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விறைப்பு சரியா வரலைன்னு கூச்சப்பட்டு சாட்பாட்கிட்ட கேக்கறீங்க, அது சில்டெனாஃபில் பத்திச் சொல்லுது, நீங்க கடையில வாங்கிடறீங்க. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வெச்சுக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரை சாப்பிடறவங்க அதோட இதைச் சேத்தா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிடும், உயிரே போகலாம். நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு நீங்க சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்? அதைவிட முக்கியம், விறைப்புக் குறையறது பல பேருக்கு சர்க்கரை நோயோட, இதய ரத்தக்குழாய் அடைப்போட முதல் தகவலா வரும். நெஞ்சுவலி வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே வரும். மாத்திரையால அறிகுறியை மறைச்சுட்டா, அந்த எச்சரிக்கையையும் சேத்து மறைச்சுடறீங்க. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூணையும் பாத்துடுங்க. "அந்த" விஷயத்துக்காகத்தான் வந்தேன்னு லேப்ல சொல்ல வேண்டியதே இல்லை.

இனி ரகசியம். பாட்கிட்ட சொன்னா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறீங்க. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, அது சரி. 2025 ஜூலையில ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே ஒரு பேட்டியில ஒத்துக்கிட்டார், டாக்டர்கிட்டயோ வக்கீல்கிட்டயோ பேசறதுக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடிகிட்ட பேசறதுக்கு இல்லைன்னு. அதே சமயத்துலதான், ஆளுங்க 'ஷேர்' பட்டனை அமுக்கி, தேடல்ல வரலாம்னு டிக் பண்ணின சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள்ல தேடினா கிடைக்குதுன்னு வெளியே வந்தது. நிறைய பேர் என்ன டிக் பண்றோம்னு தெரியாமலே பண்ணியிருந்தாங்க. கம்பெனி அந்த வசதியை எடுத்துடுச்சு.

இதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எச்ஐவி சட்டம்னு ஒண்ணு 2017-ல வந்து, 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. சம்மதம் இல்லாம எச்ஐவி டெஸ்ட் எடுக்கக் கூடாது, ஒருத்தரோட நிலையை வெளியில சொல்லக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி ஆலோசகர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், மீறினா கேள்வி கேக்க இடம் இருக்கு. மூஞ்சியைப் பாத்துடுவாங்களேன்னு நாம பயப்படற அந்த அம்மாதான் சட்டப்படி நம்ம ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவங்க. மூஞ்சியே இல்லாத பாட்டுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை.

அதனால பேர், போன் நம்பர், கம்பெனி, துணையோட பேர், ரிப்போர்ட் படம், எதையும் போடாதீங்க. "எனக்கு"ன்னு எழுதாம "இருபத்தாறு வயசு ஆணுக்கு"ன்னு எழுதினாலும் பதில் அதேதான் வரும். வீட்ல ஒரே போனை நாலு பேர் பாக்கறீங்கன்னா பேசினதை அழிச்சுடுங்க, முன்னாடி பேசினதை ஞாபகம் வெச்சுக்கிற வசதியையும் அணைச்சுடுங்க. இல்லைன்னா நாளைக்கு உங்க அம்மா சாம்பார்ப் பொடிக்கு அளவு கேக்கும்போது, அது பழைய ஞாபகத்துல உங்க உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கும்.

அப்பா அம்மாக்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பிள்ளை இதையெல்லாம் கேட்டிருக்குன்னு தெரிஞ்சா போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா கேள்வி நிக்காது, இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். "அது என்ன சொல்லுச்சு, எனக்கும் காட்டு"ன்னு பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கும் தெரியாத நாலு விஷயம் அதுல இருக்கும், நான் சொல்றேன். பிள்ளையோட படத்தை வெச்சு யாராவது மிரட்டறாங்கன்னா மட்டும் பேச்சுவார்த்தை வேண்டாம், காசும் கொடுக்காதீங்க, உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

இன்னொரு உபயோகம் இருக்கு, மைசூர்ல இருக்கிற தமிழ்ப் பொண்ணுங்களுக்கு இதுதான் ரொம்பக் கைகொடுக்கும்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் கன்னடத்துல கேப்பாங்க. காய்ச்சல்னா எப்படியோ சமாளிச்சுடலாம். வெள்ளைப்படுது, அரிக்குது, உறவு நேரத்துல வலிக்குதுன்னு தெரியாத மொழியில, பத்து பேர் நிக்கிற வரிசையில எப்படிச் சொல்றது? முந்தின நாளே சாட்பாட்கிட்ட தமிழ்ல எழுதுங்க. எத்தனை நாளா இருக்கு, என்ன மருந்து சாப்பிட்டீங்க, எதுக்கு அலர்ஜி, கடைசியா மாசவிலக்கு எப்ப வந்தது. "இதை நர்ஸுக்குக் காட்டற மாதிரி அஞ்சு வரியில கன்னடத்துல எழுதிக் கொடு"ன்னு சொல்லுங்க. கன்னடம் தெரிஞ்ச தோழி இருந்தா ஒருதரம் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மறுநாள் கவுன்ட்டர்ல போனை நீட்டினா போதும், வாயே திறக்க வேண்டாம். ஊர்ல டாக்டரைப் பாக்கப் போறவங்களும் தமிழ்லயே இப்படி எழுதி எடுத்துட்டுப் போகலாம். நம்மகிட்ட டாக்டருக்கு இருக்கிற நேரம் ரெண்டு நிமிஷம், அதுல ஒண்ணரை நிமிஷம் நாம தயங்கறதுலயே போயிடுது.

எச்ஐவி டெஸ்டுக்குப் போறவங்க ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில ஐசிடிசி, அதாவது ஆலோசனை, பரிசோதனை மையம், எங்கேன்னு கேளுங்க. தமிழ்நாட்டுல நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும். ஏன் வந்தேன், யாரோட இருந்தேன்னு கவுன்ட்டர்ல கதை சொல்ல வேண்டாம், "ரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கேன்"னு சொன்னா போதும். உள்ளே ஆலோசகர் தனியா உக்கார வெச்சுப் பேசுவார், சம்மதம் வாங்குவார், அப்புறம்தான் ரத்தம் எடுப்பாங்க. காசு கிடையாது. ரிசல்ட் வந்ததும் மறுபடி தனியா உக்கார வெச்சுச் சொல்வாங்க. எந்த மையம் பக்கத்துல இருக்குன்னு தெரியலைன்னா 1097. தேசிய எய்ட்ஸ் உதவி எண், இலவசம். மையத்தோட முகவரியை சாட்பாட்கிட்ட கேக்காதீங்க. இல்லாத தெருவுல இல்லாத கிளினிக்கை அடிச்சுச் சொல்ற பழக்கம் அதுக்கு உண்டு.